கார்ட்ரிட்ஜ் மாற்றினால் டோன்ஆர்ம் உயரத்தை எவ்வளவு மாற்ற வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி, அதிலிருந்த கார்ட்ரிட்ஜை, அதாவது ஊசி பொருத்திய சின்னப் பெட்டியை, கழற்றிவிட்டு ஆடியோ டெக்னிக்கா விஎம்95எம்எல் போட்டிருக்கிறீர்கள். கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் அடியில் 0 முதல் 6 வரை எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதை எந்த எண்ணில் வைப்பது? கார்ட்ரிட்ஜின் விவரத்தாளில் 'வெர்டிகல் டிராக்கிங் ஆங்கிள் 23°' என்று இருக்கிறதே, ஆர்மை அந்த அளவுக்குச் சாய்க்க வேண்டுமா? புதிய 180 கிராம் ரெக்கார்டுக்கு ஓர் உயரம், வீட்டில் இருக்கும் பழைய தமிழ்ப் படத் தட்டுகளுக்கு வேறு உயரம் என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பாட்டில் ச, ஸ வரும் இடமெல்லாம் சீறுகிறது." உங்கள் உண்மையான கேள்வி இந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். வளையத்தைத் திருப்பினால் சீறல் போய்விடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்; அதனால்தான் மற்ற மூன்று கேள்விகளும் வந்திருக்கின்றன.

சுருக்கமான பதில்: 23 டிகிரிக்கும் ஆர்மின் சாய்வுக்கும் சம்பந்தமில்லை. கார்ட்ரிட்ஜின் மேல்முகம் ரெக்கார்டுக்கு இணையாக நிற்கும் எண் எதுவோ அதுதான் உங்கள் எண். ரெக்கார்டுக்கு ரெக்கார்டு மாற்ற வேண்டாம். சீறலுக்குக் காரணம் பெரும்பாலும் உயரமாக இருக்காது. டர்ன்டேபிள் பழுதுபார்ப்பதும் கார்ட்ரிட்ஜ் பொருத்திக் கொடுப்பதும் என் தொழில். அந்தப் பழக்கத்தை வைத்து இனி விளக்குகிறேன். எது உறுதி, எது காதுக்குக் காது மாறும் விஷயம் என்பதையும் அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த 23°. ஊசி நுனி ஒட்டியிருக்கும் மெல்லிய குச்சியை கேன்டிலீவர் என்கிறோம். அதன் மறுமுனை கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு ரப்பர் வளையத்தில் பிடிபட்டிருக்கிறது. அந்த இடம்தான் அதற்குக் கீல். கீல் ரெக்கார்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால், பள்ளத்தின் மேடு பள்ளத்துக்கேற்ப நுனி ஏறி இறங்கும்போது நேர் செங்குத்தாக அசையாது, சற்றுச் சாய்ந்த பாதையில் அசையும். அந்தச் சாய்வுதான் 23°. இது கார்ட்ரிட்ஜைச் செய்யும்போதே உள்ளே வைத்துவிட்ட கோணம். கார்ட்ரிட்ஜின் மேல்முகம் ரெக்கார்டுக்கு இணையாக இருக்க வேண்டும், ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சொன்ன அளவில் வைத்திருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அந்தக் கோணம் தானாகக் கிடைக்கும். ஆர்மை நீங்கள் 23° சாய்த்தால் கார்ட்ரிட்ஜே தட்டில் இடித்துவிடும், விபரீதமாகிவிடும்.

இந்தக் கோணம் ஏன் முக்கியம்? ரெக்கார்டை வெட்டும் ஊசியும் அதே மாதிரி ஒரு கீலில் தொங்கிக்கொண்டுதான் வெட்டுகிறது. 1950-களின் கடைசியில் ஸ்டீரியோ ரெக்கார்டு வந்தபோது பள்ளத்துக்குள் பக்கவாட்டு அசைவோடு மேல்-கீழ் அசைவும் சேர்ந்துகொண்டது. இரண்டு சேனலிலும் பொதுவாக இருப்பது பக்கவாட்டில் பதிவாகும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மேல்-கீழாகப் பதிவாகும். வெட்டிய ஊசி ஒரு சாய்வில் ஏறி இறங்கி, படிக்கிற ஊசி வேறு சாய்வில் ஏறி இறங்கினால், அந்த மேல்-கீழ் அலையின் வடிவம் ஒரு பக்கம் சரிந்துவிடும். மூலத்தில் இல்லாத ஸ்வரங்கள் கலக்கும். ஆரம்பத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கோணத்தில் வெட்டிக்கொண்டிருந்தது. 1960-களில் 15° என்று ஒரு பொது அளவுக்கு வந்தார்கள். 1970-களில் அது 20° ஆனது. போதாக்குறைக்கு, ரெக்கார்டின் மூலப்படியாக முதலில் வெட்டும் லாக்கர் தட்டில் வெட்டிய பள்ளம் வெட்டி முடித்ததும் கொஞ்சம் பின்னுக்கு மீள்கிறது. ஆகவே வெட்டுக்கருவி வைத்த கோணமும் தட்டில் இருக்கும் கோணமும் ஒன்றல்ல. உங்கள் அலமாரியில் இருக்கும் தட்டுகள் எல்லாம் ஒரே கோணத்தில் வெட்டப்பட்டவை இல்லை என்பது இதிலிருந்து தெரியும். எல்லாவற்றுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் ஒரே உயரம் என்று ஒன்று கிடையாது.

மோனோ தட்டில் மேல்-கீழ்ப் பதிவே இல்லை. பழைய தமிழ்ப் படத் தட்டுகளில் ஏகப்பட்டவை மோனோ. அவற்றைப் போட்டுக் கேட்டு உயரத்தைச் சரிசெய்ய முயல்வது வீண் வேலை.

இப்போது கணக்கு. எம்கே2 ஆர்மின் நீளம், அதாவது ஆர்ம் திரும்பும் பின்பக்கக் கீலிலிருந்து ஊசி நுனி வரை, 230 மில்லிமீட்டர். அந்த நீளத்துக்குப் பின்பக்கத்தை 4 மில்லி உயர்த்தினால் நுனியில் மாறுவது 1 டிகிரி. நன்றாகக் கவனியுங்கள்: உங்கள் வளையம் 0-விலிருந்து 6 வரை முழுதாகச் சுற்றினாலும் உயர்வது 6 மில்லி, கோணத்தில் ஒன்றரை டிகிரி. அவ்வளவுதான். 23 டிகிரியை 20 ஆக்க வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தால், பின்பக்கத்தை 12 மில்லி இறக்க வேண்டியிருக்கும். எம்கே2-வில் அதற்கு இடமே இல்லை. வளையத்தில் கால் எண், அரை எண் என்று நகர்த்தி "திரை விலகியது மாதிரி இருந்தது" என்று எழுதுகிறவர்கள் பத்தில் ஒரு டிகிரி அளவு மாற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கேட்கவே கேட்காது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் நம்புவதற்கு முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோணமும் இருக்கிறது: எஸ்ஆர்ஏ (ஸ்டைலஸ் ரேக் ஆங்கிள்). பள்ளத்தின் சுவரைத் தொடும் வைரத்தின் விளிம்பு ரெக்கார்டின் மேற்பரப்போடு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது. வெட்டும் ஊசி ஏறக்குறைய நேராக, 90 டிகிரிக்கு ஓரிரு டிகிரி கூடுதலாக நிற்கும். எனவே படிக்கிற ஊசியும் 92° நிற்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. ஆர்ம் உயரத்தை மாற்றும்போது இரண்டு கோணமும் சேர்ந்தே நகரும். ஒன்றை மட்டும் தனியாக நகர்த்த முடியாது. ஊசியின் வடிவத்தைப் பொறுத்து இதன் முக்கியத்துவம் மாறும். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கேவுக்காக 1960-களில் உருவான டெனான் டிஎல்-103-இன் நுனி உருண்டை. உருண்டைக்கு விளிம்பு ஏது? எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒரே மாதிரிதான் தொடும். ஷிபாட்டா, மைக்ரோலைன் போன்ற நுனிகள் வேறு ரகம். ஜேவிசி 1970-களின் தொடக்கத்தில் சிடி-4 என்ற நான்கு சேனல் ரெக்கார்டைக் கொண்டுவந்தபோது 30 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள அலைகளையும் பள்ளத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சுவரோடு நீளமாக, ஆனால் மெல்லிய கோடாகத் தொடும் ஷிபாட்டா நுனி பிறந்தது. உங்கள் எம்எல், அதாவது மைக்ரோலைன், அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, இன்னும் மெல்லிய விளிம்புள்ள நுனி. ஆகவே மற்றவர்களைவிட உங்களுக்கு உயரம் கொஞ்சம் கூடுதலாகவே முக்கியம். அதை மறுக்கவில்லை.

ஆனால் 92° என்ற எண்ணைத் துரத்தாதீர்கள் என்பேன். யுஎஸ்பி மைக்ரோஸ்கோப் வாங்கி, பக்கவாட்டில் படம் எடுத்து, கணினியில் கோடு போட்டு அளக்கிறார்கள். கேமரா துளி திரும்பியிருந்தாலும் படத்தில் ஓரிரு டிகிரி தவறும். படத்தில் தெரிவது வைரத்தின் வெளி வடிவம். பள்ளத்தைத் தொடும் விளிம்பு அதோடு இணையாகத்தான் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மிகத் தப்பாக ஒட்டப்பட்ட நுனியைக் கண்டுபிடிக்க மைக்ரோஸ்கோப் உதவும். அதற்கு மேல் அதை நம்பி வளையத்தைத் திருப்புவது எனக்கு உடன்பாடில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். உயரத்தைத் தொடுவதற்கு முன் இரண்டு வேலை முடிந்திருக்க வேண்டும். முதலாவது, ஆர்மின் முனையில் கார்ட்ரிட்ஜைப் பிடித்திருக்கும் ஹெட்ஷெல்லில் கார்ட்ரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறதா என்பது. டெக்னிக்ஸோடு வரும் வெள்ளை பிளாஸ்டிக் அளவுகோல், ஹெட்ஷெல்லின் பின்புறம் ரப்பர் வாஷர் இருக்கும் முகத்திலிருந்து ஊசி நுனி வரை 52 மில்லி வைக்கச் சொல்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களிடம் அது இருக்காது. நல்ல ஸ்கேலால் அளந்தால் போதும். வேறு புரொட்ராக்டர் (கார்ட்ரிட்ஜைப் பொருத்தும் அளவு அட்டை) வைத்துச் செய்தால் அளவு கொஞ்சம் மாறும், அதுவும் தவறில்லை. இரண்டாவது, எடை. விஎம்95 வரிசைக்கு 1.8 முதல் 2.2 கிராம், நடுவில் 2.0. இதை டிஜிட்டல் தராசில் பாருங்கள், ஆர்மில் இருக்கும் டயலை மட்டும் நம்பாதீர்கள். தராசைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மலிவான தராசுகள் பலவற்றில் ஊசி வைக்கும் இடம் ரெக்கார்டு மட்டத்தைவிடச் சில மில்லி மேலே இருக்கிறது. ஆர்ம் தூக்கிய நிலையில் எடை கொஞ்சம் மாறிக் காட்டும். ரெக்கார்டுக்கு அடியில் விரிக்கும் பாயை எடுத்துவிட்டு, சுழலும் வட்டமான பிளாட்டரின் மேல் நேரடியாகத் தராசை வைத்தால் மட்டம் ஏறக்குறைய ஒத்துவரும்.

எடையை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எடையே கோணத்தை மாற்றும். கேன்டிலீவரின் நீளம் சில மில்லிதான். நுனியில் பத்தில் ஒரு மில்லி அமுங்கினாலே ஒரு டிகிரிக்கு அருகில் போய்விடும். இந்தக் கார்ட்ரிட்ஜில் 1.8-லிருந்து 2.2-க்குப் போனால் கோணம் சுமாராக அரை டிகிரிக்கு மேல் குறையும் என்பது என் கணக்கு. அதாவது வளையத்தை இரண்டு மூன்று எண் இறக்கியதற்குச் சமம். எடையைச் சரிபார்க்காமல் வளையத்தைக் கால் கால் எண்ணாகத் திருப்புகிறவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இந்த இரண்டும் ஆன பிறகு உயரம். ரூல் போட்ட நோட்டுத் தாளில் ஒரு துண்டை விசிட்டிங் கார்டு மேல் ஒட்டிக்கொள்ளுங்கள், கோடுகள் அட்டையின் அடி விளிம்புக்குச் சரியாக இணையாக இருக்கும்படி. எப்போதும் போடும் ஒரு ரெக்கார்டை, எப்போதும் போடும் பாயின் மேலேயே வையுங்கள். மோட்டார் ஓடக் கூடாது. ஊசியைத் தட்டின் நடுப்பகுதியில் மெதுவாக இறக்குங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஹெட்ஷெல்லுக்குப் பின்னால் தெரியும்படி அட்டையைத் தட்டின் மேல் நிறுத்தி, அட்டைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து டார்ச் அடியுங்கள். கண்ணைத் தட்டின் மட்டத்துக்கே கொண்டுவந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். கார்ட்ரிட்ஜும் ஹெட்ஷெல்லும் சேரும் கோடு தாளின் கோட்டோடு ஒத்துப் போகிறதா? ஆர்ம் குழாயைப் பார்க்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். டெக்னிக்ஸில் குழாயும் ஹெட்ஷெல்லும் ஏறக்குறைய ஒரே மட்டம்தான், ஆனால் பழைய செட்டில் யாராவது வேறு ஹெட்ஷெல் போட்டிருந்தால் அதன் கழுத்து ஒரு நூல் வளைந்திருக்கும். ரேகா மாதிரி நுனி நோக்கி மெலிந்துபோகும் ஆர்ம்களில் குழாயின் மேல் விளிம்பை வைத்துப் பார்த்தால் நிச்சயம் ஏமாறுவீர்கள்.

இன்னொரு சோதனையும் எளிது. டார்ச் வெளிச்சத்தில் கறுப்புத் தட்டு கண்ணாடி மாதிரி பிரதிபலிக்கும். ஊசி தட்டில் நிற்கும்போது கார்ட்ரிட்ஜும் அதன் பிம்பமும் சேர்ந்து தெரியும். முன்னாலிருந்து பாருங்கள்: கார்ட்ரிட்ஜும் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஒடிந்தது மாதிரி தெரிந்தால் கார்ட்ரிட்ஜ் இடமோ வலமோ சாய்ந்திருக்கிறது. அதை உயரத்தால் சரிசெய்ய முடியாது. ஹெட்ஷெல்லின் பூட்டு வளையத்தைத் தளர்த்தினால் அது ஒரு நூல் திரும்பும். அவ்வளவு இடம்தான் டெக்னிக்ஸ் கொடுக்கிறது.

புதுக் கார்ட்ரிட்ஜ் பழையதைவிட உயரமாக இருந்தால் ஹெட்ஷெல் பக்கம் தூக்கி, கீல் பக்கம் தாழ்ந்து தெரியும். அப்போது வளையத்தைப் பெரிய எண்ணுக்குத் திருப்ப வேண்டும். குட்டையாக இருந்தால் சின்ன எண். டெக்னிக்ஸ் கையேட்டிலேயே கார்ட்ரிட்ஜின் உயரத்தை மில்லிமீட்டரில் கொடுத்து, அதற்கு எந்த எண் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. கார்ட்ரிட்ஜின் மேல்முகத்திலிருந்து ஊசி நுனி வரை அளந்து அதில் பாருங்கள். எண் ஒன்று வேண்டும் என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்: 2-ல் ஆரம்பியுங்கள், அட்டையை வைத்துப் பாருங்கள், அங்கிருந்து மேலே கீழே போங்கள். பட்டியலும் சரி, என் 2-ம் சரி, தொடக்கம்தான். ஏனென்றால் உங்கள் பாயின் தடிமன் எனக்குத் தெரியாது. கம்பெனி ரப்பர் பாயை எடுத்துவிட்டு டிஜேக்கள் போடும் மெல்லிய ஃபெல்ட் துணி போட்டிருந்தால் ரெக்கார்டே சில மில்லி கீழே இறங்கியிருக்கும்; ஆர்மும் அதே அளவு இறங்க வேண்டும்.

வளையத்தைத் திருப்பும்போது ஆர்மைத் தாங்கியில் வைத்துப் பூட்டிவிட்டு, அடித்தளத்தில் இருக்கும் லாக் லீவரைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி இறுக்குங்கள். இறுக்காமல் விட்டால் ஆர்ம் அடியில் ஆடும். அந்த ஆட்டத்தில் வரும் குளறுபடியைக் கேட்டுவிட்டுப் பாவம் கார்ட்ரிட்ஜைத் திட்டுவீர்கள். உயரம் மாறினால் எடையும் ஊசி நிற்கும் இடமும் மயிரிழை மாறும். கடைசியில் எடையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். ஆர்மைத் தூக்கும் லிவரையும் சோதியுங்கள்: தூக்கினால் ஊசி தட்டைவிட்டு நன்றாக எழும்ப வேண்டும், இறக்கினால் ஆர்ம், அதைத் தூக்கும் சின்ன மேடையில் தங்காமல் விடுபட வேண்டும். இல்லையென்றால் மேடையில் இருக்கும் சின்ன ஸ்குரூவில் சரிசெய்யலாம்.

180 கிராம் கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லிவிடும். 120 கிராம் தட்டுக்கும் 180 கிராம் தட்டுக்கும் தடிமனில் வித்தியாசம் சராசரியாக அரை மில்லிக்குக் கொஞ்சம் மேல். கோணத்தில் டிகிரியில் ஆறில் ஒரு பங்கு. அந்தத் தட்டுகளே ஆளுக்கொரு கோணத்தில் வெட்டப்பட்டவை என்று மேலே சொன்னேன். தட்டு கொஞ்சம் நெளிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் இதைவிடக் கூடுதலாகவே கோணம் ஏறி இறங்கும். நடுத்தரத் தடிமனுள்ள ஒரு தட்டை வைத்து ஒருமுறை சரிசெய்துவிட்டு, வளையத்தை மறந்துவிடுங்கள்.

இனி சீறல். இதற்குத்தான் நிறைய இடம் கொடுக்க வேண்டும். முதல் கேள்வி: எல்லாப் பாட்டிலும் சீறுகிறதா, அல்லது ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் மட்டுமா? உள்ளே போகப் போகச் சுற்றளவு சுருங்கும். அதே ஒலியைச் சின்ன இடத்தில் அடைத்து வெட்டியிருப்பார்கள். கடைசிப் பாட்டில் மட்டும் சீறினால் 52 மில்லி சரியாக இல்லை, அல்லது கார்ட்ரிட்ஜ் ஹெட்ஷெல்லில் திரும்பியிருக்கிறது. உங்கள் நுனியின் விளிம்பு மெல்லியது. உருண்டை ஊசி பொறுத்துக்கொள்ளும் திருப்பத்தை இது பொறுத்துக்கொள்ளாது. இரண்டாவது: ஒரு ஸ்பீக்கரில் மட்டுமா? வலப்பக்கத்தில் மட்டும் கூடுதலாகச் சீறினால் ஆன்டி-ஸ்கேட், அதாவது ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதை எதிர்க்கும் விசை, குறைவாக இருக்கலாம்; ஆர்ம் உள்பக்கம் இழுக்கப்படும்போது பள்ளத்தின் வெளிச் சுவரில் பிடி தளரும், வெளிச் சுவர் வலது சேனல். மூன்றாவது: எடை 1.8-க்கும் கீழே இருக்கிறதா? எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. பிடி இல்லாத ஊசி சுவரில் மோதி மோதித்தான் தட்டைக் கெடுக்கும். 2.0-க்கோ 2.1-க்கோ கொண்டுபோய்ப் பாருங்கள்.

நான்காவதை யாரும் பார்ப்பதில்லை. ஆடியோ டெக்னிக்காவின் இந்த ரகக் கார்ட்ரிட்ஜ்களுக்கு கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கு அளவு) 100 முதல் 200 பிகோஃபேரட் வரை என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் டர்ன்டேபிளின் ஒயரும், கார்ட்ரிட்ஜின் சிறிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்பும் சேர்ந்து அதைத் தாண்டினால் மேல்ஸ்தாயி ஒலிகளில் ஒரு முகடு எழும். ச, ஸ முனைப்பாகும், தாளத்தின் சிங்கிச் சத்தம் கூசும். பழைய எம்கே2-வில் யாராவது நீளமான, மலிவான ஒயரை மாற்றிப் போட்டிருந்தால் இது அடிக்கடி நடக்கும். பிரீஆம்பில் கெபாசிட்டன்ஸ் சுவிட்ச் இருந்தால் மிகக் குறைந்த அளவில் வையுங்கள். இந்த முகட்டைக் கேட்டுவிட்டு 'ஆர்மின் பின்பக்கம் தூக்கியிருக்கிறது' என்று முடிவுகட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது, தட்டே கெட்டிருப்பது. எச்எம்வி, இன்ரெகோ, எக்கோ முத்திரையோடு பழைய கடைகளில் கிடைக்கும் தட்டுகளில் பலவும் அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர்களில் கனமான செராமிக் ஊசியால் ஓட்டப்பட்டவை. ச, ஸ மாதிரி கூர்மையான ஒலிகள் இருக்கும் இடத்தில்தான் சுவர் முதலில் சிதையும். அந்தச் சிதைவை எந்த உயரமும் சரிசெய்யாது. எம்எல் நுனி பழைய ஊசி தொடாத ஆழத்தில் உட்கார்ந்தால் சில தட்டுகள் புதிதாகப் பிறந்தது மாதிரி பாடும். சில தட்டுகளில் அழுக்கும் கீறலும் இன்னும் துல்லியமாகக் கேட்கும். அதனால் நன்றாகக் கழுவிய, தேயாதது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு ஸ்டீரியோ தட்டில்தான் சோதிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் சீறினால் உயரத்தைச் சந்தேகிக்கலாம். அதற்கு ஒரு குறி உண்டு. உங்கள் ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால், ஸ்டீரியோ தட்டு ஓடும்போது அதை அழுத்துங்கள். மோனோவில் மேல்-கீழ் அசைவின் ஒலி தள்ளுபடியாகிவிடும். அழுத்தியதும் சீறல் பெருமளவு குறைந்தால் கோளாறு மேல்-கீழ்த் தளத்தில் இருக்கிறது. உயரம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அழுக்கும் தேய்மானமும்கூட இப்படிக் காட்டலாம் என்பதால் இதைத் தீர்ப்பாக எடுக்காதீர்கள். குறையவே இல்லை என்றால் மட்டும் வளையத்தைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து தாராளமாக எடுத்துவிடலாம்.

பின்பக்கம் தூக்கினால் ஒலி மெலிந்து பளிச்சென்று இருக்கும், தாழ்த்தினால் மந்தமாகிக் கீழ்ஸ்தாயி ஊதும் என்று ஒரு வாய்ப்பாடு எல்லோரும் சொல்வார்கள். திசை சரி என்றே என் காதும் சொல்கிறது, அதிலும் மெல்லிய நுனிகளில். ஆனால் எவ்வளவு என்பதில்தான் சண்டை. அளந்து பார்த்தால் பாஸும் டிரெபிளும் கூடிக் குறைவது மிகச் சொற்பம். மாறுவது உருத்திரிபின் அளவு. அது காதுக்கு 'பளிச்' என்றும் 'மந்தம்' என்றும் படுகிறது என்பது ஒரு விளக்கம். நான் அதை ஏற்கிறேன், நிரூபணம் என்று சொல்லத் துணிய மாட்டேன். நீங்களே பார்க்க வேண்டும் என்றால் வளையத்தை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் 1-லோ 4-லோ வைத்துவிட்டு உங்களிடம் சொல்லக் கூடாது. மிருதங்கத்தின் வலந்தலையும் வயலினும் தெளிவாகப் பதிவான கச்சேரித் தட்டு இதற்கு நல்லது. வலந்தலையின் 'நம்' நறுக்கென்று தொடங்கி முடிகிறதா, வயலினின் வில் சத்தம் நாரோடு கேட்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். எந்த எண் என்று உங்களால் தொடர்ந்து சரியாகச் சொல்ல முடிந்தால், உங்களுக்குப் பிடித்த எண்ணில் வைத்துக்கொள்ளலாம். சொல்ல முடியவில்லையென்றால் இணையாக இருக்கும் எண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வரி. ரேகா ஆர்ம்களில் வளையமே இல்லை. கார்ட்ரிட்ஜ் உயரமாக இருந்தால் ஆர்மின் அடியில் 2 மில்லி தகடு வைப்பார்கள். புரோ-ஜெக்ட்டின் பல மாடல்களில் ஆர்மின் அடிக்கழுத்தில் பொடி ஆலன் ஸ்குரூக்கள் இருக்கும், அதைத் தளர்த்தினால் ஏற்றி இறக்கலாம். ஆடியோ டெக்னிக்கா எல்பி60 வகையில் எதுவும் செய்ய முடியாது, செய்யத் தேவையும் இல்லை. உயர வசதி இல்லாத ஆர்மில் கார்ட்ரிட்ஜ் குட்டையாகப் போனால், கார்ட்ரிட்ஜுக்கும் ஹெட்ஷெல்லுக்கும் நடுவில் மெல்லிய தகடு வைக்கலாம், அல்லது பாயைத் தடிமனாக்கலாம். கார்ட்ரிட்ஜ் உயரமாகப் போனால் மெல்லிய பாய்.

இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாதது, உங்கள் ஊசியின் வைரம் நேராக ஒட்டப்பட்டிருக்கிறதா என்பது. அதைக் கையில் வாங்கி லென்ஸில் பார்த்தால்தான் தெரியும். வளையத்தைப் பற்றிக் கடைசியாக ஓர் எச்சரிக்கை: பல ஆண்டுகள் ஒரே இடத்தில் நின்ற எம்கே2-க்களில் உள்ளே இருக்கும் கிரீஸ் காய்ந்து வளையம் இறுகிப்போயிருக்கும். லாக்கைத் தளர்த்திய பிறகும் விரல் பலத்தில் திரும்பவில்லையென்றால் பிளையர் போடாதீர்கள், எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் ஆர்மின் பேரிங் பக்கம் இறங்கினால் செலவு பெரிதாகிவிடும். ஆர்மைக் கழற்றி, மறையைச் சுத்தம் செய்து, புது கிரீஸ் போட்டுத் தரும் ஆளிடம் கொடுங்கள். அதுவரை இப்போது இருக்கும் உயரத்திலேயே ஓட்டுங்கள்; ஒன்றும் கெட்டுப்போகாது.